இரண்டு கடிதமும் ஒரே நீளம்

இல்லை, நான் அவளை அடிக்கவில்லை. துரத்தவும் இல்லை. என் மருமகளின் கன்னம் எனக்கு எட்ட வேண்டுமென்றால் நான் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். ஏறுவதற்கு என் முட்டி சம்மதிக்க வேண்டும். நாக்கின் மேல் பல்லைப் போட்டு ஒரு பேச்சுப் பேசுவதற்கு முன்னால் இதையாவது யோசித்திருக்கலாம்.

கீழ்வீட்டுக்காரிதான் படிக்கட்டில் என்னை வழிமறித்தாள்.

"ரெண்டு வாரமா உங்க வீட்டுல டம்மு டம்முன்னு சத்தம், பெரியம்மா. அப்புறம் ஒரு நாள் காலையில மருமக பெரிய பையைத் தூக்கிக்கிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காம இறங்கிப் போகுது. இன்னும் வரல. நாங்க என்னன்னு நினைக்கிறது?"

"ஒண்ணும் நினைக்காதே. என்கிட்ட கேளு."

"இதோ கேக்குறேனே."

"இப்பக் கேக்குறே. தெருவெல்லாம் சொல்லி முடிச்சுட்டு மிச்சத்துக்கு என்கிட்ட வந்திருக்கே."

அவள் சிரித்து மழுப்பினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கடையில இன்னொண்ணும் பேசிக்கிறாங்க. அணுகுண்டு வச்சிருக்கிற நாட்டுக்காரங்க கொடுத்த காசுலதான் உங்க மருமக போயிருக்காம்."

இதில் பாதி உண்மை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. முழுப் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் படியேறியிருப்பேன். எனவே முதலிலிருந்து சொல்கிறேன். குறுக்கே பேச வேண்டாம்.

அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது ஒரு பெட்டி துணியும் மூன்று பெட்டி புத்தகமும் கொண்டுவந்தாள். என் மகன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைப்பான். எங்கள் கட்டிடத்து லிஃப்ட் மட்டும் வருஷத்தில் எட்டு மாதம் நிற்கும். புத்தகப் பெட்டிகளை நான்கு மாடி சுமந்தவன் அவன்தான். "இதுல என்ன இருக்கு, இரும்பா?" என்று மூச்சு வாங்கக் கேட்டான். "கெமிஸ்ட்ரி," என்றாள். "அதை அங்கேயே கரைச்சுட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றான். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இதுகள் இரண்டும் ஒத்துப்போகும் என்று.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டிடம் இருக்கிறதல்லவா, வாசலில் எல்லா நாட்டுக் கொடியும் பறக்குமே, அங்கே வேலைக்குப் போக வேண்டும் என்பதுதான் கல்லூரி நாளிலிருந்தே அவளுடைய ஆசை. அணுவை வைத்து மின்சாரம் எடுக்கலாம், ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கலாம், குண்டும் செய்யலாம். மின்சாரம் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு யாரும் குண்டு செய்யவில்லையே என்று ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டாமா? அதற்கு எல்லா நாடும் சேர்ந்து வைத்த அலுவலகம் அது. அங்கே ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பையைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போவார்கள். அணு உலையில் கதவுக்கு முத்திரை வைப்பார்கள், கேமரா மாட்டுவார்கள். வெள்ளைத் துணியால் மேஜையையும் குழாயையும் துடைத்து, அந்தத் துணியைப் பையில் போட்டு எடுத்து வருவார்கள். கண்ணுக்குத் தெரியாத தூசி அதில் ஒட்டியிருக்குமாம். அந்த அறையில் என்ன செய்தார்கள் என்பதை அந்தத் தூசியே சொல்லிவிடுமாம். நான் முப்பது வருஷம் தையல்கூடத்தில் பள்ளிச் சீருடை தைத்தவள். துணி இப்படியெல்லாம் சாட்சி சொல்லும் என்று அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவளுக்கு அந்தத் துணியைப் பிடிக்க ஆசை. கொடுத்தது என்னவோ ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர். விருப்ப நிதிப் பிரிவில் கடிதம் எழுதும் வேலை.

அது என்ன பிரிவு என்று நானும் அன்றைக்குக் கேட்டேன். ஒவ்வொரு நாடும் அந்த அலுவலகத்துக்கு வருஷ சந்தா கட்டியே ஆக வேண்டும். ஆனால் அது சம்பளத்துக்கும் விளக்குக்கும் சரியாகப் போய்விடுமாம். தூசியைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம், கேமரா, ஏழை நாட்டு ஆஸ்பத்திரிக்குப் புற்றுநோய் பார்க்கும் கதிர் இயந்திரம், புதிய ஆய்வாளர்களுக்குப் பயிற்சி, இதற்கெல்லாம் நாடுகள் தாமாக விரும்பிக் கொடுத்தால்தான் உண்டு. அப்படி நிறையக் கொடுப்பவர்களில் குண்டு வைத்திருக்கும் நாடுகளும் சேர்த்தி.

நானும் இதே கீழ்வீட்டுக்காரி மாதிரி வாயைப் பிளந்தேன். "குண்டை வீட்டுல வச்சுக்கிட்டு, குண்டு பார்க்கிறவங்களுக்குக் காசு கொடுக்கிறானா? அவனுக்கு எதுக்கு இந்த வேலை?"

"வேற யாரும் புதுசா செஞ்சுடக் கூடாதேங்கிற பயம், அத்தை. கொஞ்சம் நல்ல பேரு வேணுங்கிற ஆசை. உண்மையிலேயே நல்ல மனசு உள்ளவங்களும் இருக்காங்க. எது எவ்வளவுன்னு பிரிச்செடுக்க என்னால முடியாது. கதிர் இயந்திரம் வந்தா நோயாளிக்கு உடம்பு சரியாகுது. அது எனக்குத் தெரியும்."

"அவன் வீட்டை யாரு போய்ப் பார்க்கிறது?"

"அவங்களா சில கதவைத் திறந்து விடுறாங்க. அதுக்குள்ள போய்ப் பார்க்கலாம்."

"மத்த கதவு?"

"மூடியிருக்கு."

அவள் பூசி மெழுகவில்லை. எனக்கு அவளைப் பிடித்ததற்கு அது ஒரு காரணம்.

சரி, கடிதம் எழுதுவதில் என்ன கஷ்டம் என்று நினைப்பீர்கள். இரண்டு நாடு இருக்கிறது. இரண்டிடமும் குண்டு இருக்கிறது, இரண்டுக்கும் ஜென்மப் பகை. ஒரு நாட்டுத் தூதர் பெரிய மீசை வைத்தவர். இன்னொருவர் வெயிலோ மழையோ குடை இல்லாமல் வெளியே வரமாட்டார். அவள் வீட்டில் பெயர் சொல்ல மாட்டாள். மீசைக்காரர், குடைக்காரர், அவ்வளவுதான். மீசைக்காரர் கொடுத்தால்தான் குடைக்காரர் கொடுப்பார். குடைக்காரர் கொடுத்தார் என்று தெரிந்தால்தான் மீசைக்காரர் பேனாவைத் திறப்பார். கொடுத்தபின் நன்றிக் கடிதம் போகும். இரண்டு பேருடைய ஆட்களும் எப்படியாவது அடுத்தவர் கடிதத்தை விசாரித்துவிடுவார்கள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் மீசைக்காரர் கடிதம் இரண்டு வரி நீளமாகப் போய்விட்டது. வேறொன்றும் இல்லை, இரண்டே வரி. அவ்வளவுதான், குடைக்காரர் மூன்று வாரம் கூட்டத்துக்கு வரவில்லை. "எங்க நன்றி மட்டும் ஏன் குட்டையா இருக்கு?" என்று கேட்டு அனுப்பினாராம். ஏதோ ஒரு நாட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய இயந்திரம் அந்த மூன்று வாரமும் துறைமுகத்தில் கிடந்தது.

அன்று அவள் முகம் தொங்கிப்போய் வந்து உட்கார்ந்தாள். நான் எங்கள் தையல்கூடத்து முறையைச் சொன்னேன். "சட்டைக்கு ரெண்டு கையும் வெட்டினப்புறம் டேப்பை வச்சு அளக்க மாட்டோம். ஒரு கை மேல இன்னொரு கையை வச்சு ஜன்னல் வெளிச்சத்துல பிடிப்போம். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் தெரிஞ்சுடும்."

அதிலிருந்து வருஷா வருஷம் இரண்டு கடிதத்தையும் வீட்டுக்குக் கொண்டுவருவாள். நன்றிக் கடிதத்தில் என்ன ரகசியம்? சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நான் பார்ப்பேன். எனக்கு எழுத்துத் தெரியாது. அதுதான் வசதி என்பாள். "நான் பார்த்தா படிச்சுடுறேன் அத்தை. படிச்சா நீளம் தெரிய மாட்டேங்குது." எனக்குக் கறுப்புக் கோடுகள் மட்டும்தான் தெரியும். "மேல் காகிதத்துல நடுவுல ஒரு கோடு துருத்திக்கிட்டு இருக்கு," என்பேன். ஒரு சொல்லை எடுப்பாள், ஒரு சொல்லைப் போடுவாள். பதினேழு வருஷம் அந்த இரண்டு நாடும் நன்றி விஷயத்தில் சண்டை போடவில்லை. அதில் என் பங்கும் உண்டு. கடையில் பேசுபவர்கள் அதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளட்டும்.

ஆனால் அவள் ஆசை அந்த மேஜையில் இல்லையே. வருஷத்துக்குப் பன்னிரண்டு பேரை எடுத்து ஆறு மாதம் ஆய்வாளர் பயிற்சி கொடுப்பார்கள். அந்தப் பயிற்சிக்கான நிதியைக் கேட்டுக் கடிதம் எழுதுவது அவள். பயிற்சிக்குப் போவது வேறு யாராவது. மூன்று தடவை விண்ணப்பம் போட்டாள். மூன்று தடவையும் கள அனுபவம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். களத்துக்கு அனுப்பினால்தானே அனுபவம் வரும்? நானாக இருந்தால் அந்த வாசலில் போய் உட்கார்ந்து ஒரு பாட்டம் கத்திவிட்டு வந்திருப்பேன். அவள் மறுநாள் காலை வழக்கம்போல டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

இந்த வருஷம் அவளுக்கு நாற்பத்து நான்கு. நாற்பத்தைந்து ஆகிவிட்டால் பயிற்சிக்கு எடுக்க மாட்டார்கள். நான்காவது தடவையாக விண்ணப்பம் போட்டாள், எங்களிடம் மூச்சு விடாமல். தேர்வு செய்தது வேறு ஒரு குழு. அவள் பிரிவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பட்டியலில் பதினோராவது பெயர் அவளுடையது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுதி இடம் வாங்கவில்லை. இடம் வந்தபிறகுதான் கடிதம் வந்தது.

ஏனென்றால் இந்த வருஷம் பார்த்து மீசைக்காரரும் குடைக்காரரும் எல்லையில் ஏதோ தகராறு என்று முறைத்துக்கொண்டார்கள். பயிற்சிக்குப் பாதி இவர், பாதி அவர் என்பது வழக்கம். அவர் கொடுக்கட்டும் என்று இவர், இவர் கொடுக்கட்டும் என்று அவர். மாதக் கடைசிக்குள் இரண்டு பேரும் கையெழுத்துப் போடாவிட்டால் இந்த வருஷம் பயிற்சியே கிடையாது. அடுத்த வருஷம் நடந்தாலும் அவளுக்கு வயசு தாண்டிவிடும்.

கேட்டுக் கடிதம் எழுத வேண்டியவள் யார்? அவளேதான்.

அவள் பிரிவுத் தலைவரிடம் போய், "சார், இதுல எனக்கு சொந்த லாபம் இருக்கு. வேற யாராவது எழுதட்டும்," என்று சொல்லியிருக்கிறாள்.

"வேற யாரு எழுதினாலும் அவங்க ரெண்டு பேரும் குத்தம் கண்டுபிடிப்பாங்கம்மா. நீங்க எழுதினாதான் சண்டை வராது."

"அப்போ என் பேரும் பட்டியல்ல இருக்குன்னு கடிதத்திலேயே எழுதுவேன்."

"எதுக்கும்மா வம்பு? அதைப் பார்த்துட்டு ரெண்டு பேரும் பின்வாங்கிட்டா?"

"எழுதக் கூடாதுன்னா நான் எழுதவே இல்லை, சார்."

மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றிருக்கிறார். அவளும் எழுதினாள். வழக்கம்போல, போன வருஷம் அந்த நாடு கொடுத்ததற்கெல்லாம் நன்றி, இந்த வருஷம் பயிற்சிக்கு உதவ வேண்டும் என்று எழுதி, இரண்டு கடிதத்திலும் கடைசியில் ஒரு பத்தி சேர்த்தாள்: இந்தப் பயிற்சிக்குத் தேர்வானவர்களில் நானும் ஒருத்தி, இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

இங்கேதான் தப்பு நடந்தது. விண்ணப்பம் போட்டதையே எங்களிடம் சொல்லவில்லை. அந்தக் கடைசிப் பத்தியோடு கடிதத்தை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவாள்? எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் என் மகனுக்கும் பேத்திக்கும் தெரியுமே. அதனால் அந்தத் தடவை மட்டும் கடிதங்கள் என் ஜன்னலுக்கு வரவில்லை. அலுவலகத்திலேயே அவசரமாகப் பார்த்து அனுப்பிவிட்டாள்.

மீசைக்காரர் நாடு போன வருஷம் மூன்று தடவை கொடுத்திருந்தது. குடைக்காரர் நாடு இரண்டு தடவை. அந்த மூன்றாவது கொடைக்கு ஒரு வரி கூடுதல். மற்ற வருஷங்களில் அப்படி ஒரு வரி நீண்டால் எங்கேயாவது இழுத்துப் பிடித்துச் சரிசெய்திருப்போம். இந்தத் தடவை புதிய பத்தியும் சேர்ந்ததால் மீசைக்காரர் கடிதத்தின் கையெழுத்து இரண்டாம் பக்கத்துக்குத் தாவிவிட்டது. இவருக்கு இரண்டு பக்கம், அவருக்கு ஒரு பக்கம்.

இரண்டாம் நாள் குடைக்காரர் அலுவலகத்திலிருந்து போன். அவர்களுக்கு மட்டும் ஏன் இரண்டு பக்கம், தனியாக என்ன பேரம் நடக்கிறது, விளக்கம் வரும்வரை எங்களால் எதுவும் தர முடியாது. மீசைக்காரர் பக்கத்திலிருந்தும் போன். எங்கள் கடிதத்தைப் பற்றி அவர்கள் எப்படிப் பேசலாம், நாங்களும் தர முடியாது.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சமையலறை ஜன்னல் பக்கத்தில் நின்றாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "என்னம்மா, வெங்காயம் நறுக்குறது நான், நீ ஏன் அழுறே?" என்றேன். அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினாள்.

என் மகன் கையில் ஸ்பேனரோடு கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மூணு தடவை போட்டப்ப சொன்னே. நாலாவது தடவை ஏன் என்கிட்ட சொல்லல?"

"மூணு தடவையும் வேண்டாம்னு பதில் வந்தப்போ எனக்குக்கூட ஒண்ணும் இல்லைங்க. உங்க மூஞ்சியைத்தான் என்னால பார்க்க முடியல."

அவன் ஸ்பேனரைத் துடைத்தான். ஏற்கெனவே சுத்தமாக இருந்ததைத்தான் துடைத்தான். என் பேத்தி, பதினைந்து வயசு, உள்ளேயிருந்து எட்டிப்பார்த்து, "அப்போ அந்தத் தப்பு பாட்டியோட ஜன்னல்ல வச்சுப் பார்க்காததாலதானா?" என்றாள். வாயை மூடு என்றேன். ஆனால் அவள் சொன்னதுதான் சரி.

"நாளைக்கு ரெண்டு பேரையும் ஒரே அறையில உட்கார வை," என்றேன் மருமகளிடம். "நம்ம மாதிரி கண்ணாடியில வச்சுக் காட்டு."

"அவங்க ஒரே அறையில உட்கார்ந்து அஞ்சு வருஷம் ஆச்சு, அத்தை."

"கடிதத்தைப் பார்க்கத்தானே கூப்பிடுறே? அடுத்தவன் கடிதத்தைப் பார்க்கலாம்னா எவனும் ஓடி வருவான்."

வந்தார்கள். ஓடியே வந்தார்கள். அலுவலகத்தில் மூன்றாவது மாடி மூலை அறை. ஒரு வட்ட மேஜை, நான்கு நாற்காலி, ஆற்றைப் பார்த்த பெரிய ஜன்னல். அங்கே நடந்ததை அவள் ராத்திரிச் சாப்பாட்டில் எங்களுக்கு நடித்தே காட்டினாள். மீசைக்காரருக்குக் கரண்டியை மூக்கின் கீழே வைத்துக்கொண்டாள்.

இரண்டு கடிதத்தையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பிடித்திருக்கிறாள். தூதர்கள் இரண்டு பேரும் தோளோடு தோள் இடிக்க நின்று பார்த்திருக்கிறார்கள். முதல் வரிக்கு முதல் வரி பொருந்தியது. நடுவில் ஒரு வரி துருத்தியது.

"இது என்ன?" என்றார் குடைக்காரர்.

"போன வருஷம் அவங்க மூணு தடவை கொடுத்திருக்காங்க, சார். நீங்க ரெண்டு தடவை. அந்த ஒரு வரிதான் வித்தியாசம். வேற பேரம் ஒண்ணுமில்ல. அதைச் சரி பண்ணாம அனுப்பினது என் தப்பு."

குடைக்காரர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். மீசைக்காரர் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துச் சிரித்தார். சிரித்த வேகத்தில் கண் கீழே போய்க் கடைசிப் பத்தியில் நின்றது.

"இது எல்லா வருஷமும் இருக்கிறதில்லையே?"

"நீங்க இதைப் படிக்கலையா, சார்?"

இரண்டு பேரும் படிக்கவில்லை! எத்தனை பக்கம் என்று எண்ணிப் பார்த்ததோடு சரி. எனக்குச் சாப்பிட்டது புரையேறிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவள் நான், அவ்வளவு படித்துவிட்டு அவர்களும் என்னைப் போலவே நீளத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது படித்தார்கள். குடைக்காரர் குடையை மேஜை மேல் வைத்தார்.

"இதை ஏம்மா எழுதினீங்க? எழுதாம இருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"இப்ப தெரியாம கொடுப்பீங்க, சார். பிறகு தெரிய வந்தா அடுத்த வருஷம் மத்தவங்களுக்கும் கொடுக்க மாட்டீங்க."

மீசைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பயிற்சி முடிச்சுட்டு எங்க நாட்டுக்கும் சோதனைக்கு வருவீங்களா?"

"நீங்க திறந்து விடுற இடத்துக்கு என்னை அனுப்பினா வருவேன்."

"எங்க காசுல படிச்சுட்டு எங்களையே சோதிப்பீங்க."

"அதுக்குத்தானே சார் கொடுக்கிறீங்க?"

"ஏதாவது சரியில்லைன்னா?"

"எழுதுவேன்."

"எத்தனை வரி?" என்று கேட்டது குடைக்காரர்.

"எவ்வளவு இருக்கோ அவ்வளவு. அங்க அளந்து எழுத மாட்டேன், சார்."

இருபது வருஷ ஆசை இந்த ஒரு பதிலோடு போயிற்று என்றே நினைத்தாளாம். பிரிவுத் தலைவர் ஒரு மூலையில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பிறகு மீசைக்காரர் குடைக்காரரைப் பார்த்து நேராகப் பேசினார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. "பதினேழு வருஷமா இந்த அம்மா நமக்கு ஒரு சொல்லுகூடக் கூடக்குறைய எழுதினதில்லை. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். ஒவ்வொரு வருஷமும் உங்க கடிதத்தைத் தேடிப் பிடிச்சுப் பார்த்தவன் நான்தானே."

"எங்க ஆளு அதைச் சொன்னான்."

"உங்க ஆளு மூலமாதான் நானே பார்த்தேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கையெழுத்தில் மறுபடி சிக்கல். முதலில் யார் போடுவது? முதலில் போட இரண்டு பேரும் தயாராக இல்லை. கடைசியில் இரண்டு காகிதம், இரண்டு பேனா. பிரிவுத் தலைவர் நடுவில் நின்று, "ஒண்ணு, ரெண்டு, மூணு," என்று எண்ணினார். ஓட்டப்பந்தயம் மாதிரி இரண்டு பேரும் ஒரே மூச்சில் போட்டார்கள். குடைக்காரர் அந்த வேகத்தில் குடையை மறந்துவிட்டுப் போய், பாதி மாடி இறங்கித் திரும்பி வந்தாராம்.

பன்னிரண்டு பேருக்கும் பயிற்சி உண்டு என்று எழுதி வந்தது. அவள் பெயர் பதினோராவதாக இருந்தது. பேத்தி விரல் வைத்துக் காட்டினாள். எனக்கு அது ஒரு சின்னக் கறுப்புக் கோடு. ஆனால் அந்தக் கோட்டை நான் நன்றாகப் பார்த்துவைத்துக்கொண்டேன்.

இதற்குப் பிறகும் அவள் தயங்கினாள். எதற்கு? என் முட்டிக்கு. "லிஃப்ட் ஓடல. நாலு மாடி. கடைக்கு யாரு போவாங்க, அத்தை? ஆறு மாசம்."

எனக்குப் பிடிவாதம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆமாம், பிடிவாதம்தான். அந்த நிமிஷமே கூடையை எடுத்துக்கொண்டு இறங்கி, ஒரு ரொட்டியும் ஒரு சோப்பும் வாங்கிக்கொண்டு, நான்கு மாடியும் ஏறி வந்தேன். "பார்த்தியா? ஒண்ணுமே இல்லை," என்று சொல்லிவிட்டு என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் முட்டியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். இது அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். என் மகனுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளே விடுப்புப் போட்டு எங்கள் கட்டிடத்து லிஃப்டைப் பிரித்துப் போட்டான். "ஊரு லிஃப்டெல்லாம் ஓடும், நம்ம வீட்டு லிஃப்ட் ஓடாதான்னு கேட்டுட்டே இருந்தியே," என்றான் என்னிடம். அவள் கிளம்பும் நாள் வரை முடியவில்லை என்பது வேறு விஷயம்.

சத்தத்துக்கு வருகிறேன். ஆய்வாளர்கள் அணு உலைக் கட்டிடத்துக்குள் போகும்போது நுனியில் இரும்பு வைத்த ஷூ போட வேண்டும். புது ஷூ, காலைக் கடித்தது. பயிற்சியில் நொண்டக் கூடாது என்று இரண்டு வாரம் வீட்டிலேயே போட்டுப் பழகினாள். சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து சமையலறை, டம் டம் டம். பாத்திரம் கழுவும்போதும் அதே ஷூ. பேத்தி அவளுக்குக் குதிரை என்று பெயர் வைத்துவிட்டாள். கீழ்வீட்டுக்காரிக்கு அது மாமியார் மருமகளை அடிக்கிற சத்தமாகக் கேட்டிருக்கிறது. அத்தனை நேரம் இடைவிடாமல் அடிக்க எனக்குக் கை இருக்கிறதா என்று யாராவது கேட்டார்களா?

கிளம்பிய நாள் காலை ஏழு மணி. வானம் வெளுத்து, தெருவில் பால் வண்டி நின்றது. மகன் லிஃப்ட் பள்ளத்துக்குள் இறங்கி நின்றுகொண்டிருந்தான். கடைசி நிமிஷம் வரை ஓட வைத்துவிடலாம் என்ற நம்பிக்கை. அவள் எங்கள் மாடி லிஃப்ட் கதவு வழியாக அந்தப் பள்ளத்தைக் குனிந்து பார்த்து, "விடுங்க, நடந்தே போறேன்," என்றாள். அவன் கையெல்லாம் கிரீஸோடு ஏறி வந்தான். பஸ் நிறுத்தம் வரை பையைத் தூக்கி வருகிறேன் என்றான். வேண்டாம் என்றாள். "இனிமே நான்தானே தூக்கணும். இன்னைக்கே பழகிக்கிறேன்." அவன் அவள் தோளைத் தொடப் போய், கிரீஸைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவளே அந்தக் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். அந்தக் கறையோடுதான் போனாள்.

பேத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். "உலகத்துல யாரும் குண்டு செய்யாமப் பார்த்துக்கோம்மா," என்றாள்.

"நான் ஒரு மேஜையைத் துடைக்கப் போறேன்டி. அவ்வளவுதான். நல்லாத் துடைக்கிறேன்."

என்னிடம் வந்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. அழுதால் நானும் அழுவேன், அப்புறம் ஒருத்தியும் நகர மாட்டோம். "திரும்பிப் பார்க்காம போ," என்றேன். "இந்த ஷூவைப் போட்டுக்கிட்டு திரும்பிப் பார்த்துட்டே படி இறங்கினா, பயிற்சிக்குப் பதிலா ஆஸ்பத்திரிக்குத்தான் போவே." சிரித்துவிட்டாள். அதனால்தான் கீழ்வீட்டுக்காரி பார்த்தபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் சொன்னேன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் தாண்டினாள். நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். டம், டம், டம். நான்காவது மாடி, திருப்பம், மூன்றாவது மாடி. அங்கே சத்தம் நின்றது. பாதி திறந்திருந்த கீழ்வீட்டுக் கதவைப் பார்த்து அவள் பேசிய குரல் மேலே வரை கேட்டது.

"போயிட்டு வரேங்க்கா. ரெண்டு வாரமா சத்தம் போட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஷூ இப்ப சரியாயிடுச்சு."

கதவு டக்கென்று சாத்திக்கொண்டது. அவள் மறுபடி இறங்கினாள். இரண்டாவது மாடி, முதல் மாடி, பிறகு தெரு. அந்த நடையில் துளிகூட நொண்டல் இல்லை.